இரு தட்டுகளுக்கு நடுவே

சித்திரை வெயில் உச்சத்திலிருந்து இறங்கும் மாலைகளிலும், ஆவணி, புரட்டாசி மாத இரவுகளிலும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வானத்தைக் கண்டவர்களுக்கு இடியையும் மின்னலையும் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. செஞ்சி மலைகளின் பக்கம் கருமேகம் திரளும். காற்று ஒரு கணம் அடங்கும். மணிலாக் கொல்லையில் களையெடுப்போர் நிமிர்ந்து பார்ப்பர். "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று ஒரு பாட்டி முணுமுணுப்பார். நம் கத்தோலிக்க இல்லங்களிலோ மந்திரித்த மெழுகுவர்த்தி ஏற்றப்படும். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் ஒரு துண்டு நெருப்பில் இடப்படும். அச்சம் ஒன்றே, அதைச் சொல்லும் மொழிதான் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கெடார் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அடக்கச் சடங்கிற்கு நாம் சென்றிருந்தோம். களையெடுக்கப் போன பெண்கள் மூவர், மழைக்கு ஒதுங்கி வரப்போரப் புளியமரத்தடியில் நின்றிருக்கின்றனர். இடி இறங்கியது. இருவர் பிழைத்தனர், இரு பிள்ளைகளின் தாயான மூன்றாமவர் பிழைக்கவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய மாமியார் நம்மைக் கண்டதும் எழுந்து, "சாமி, நாங்க யாருக்கு என்னா பாவம் பண்ணோம்?" என்று கேட்டார். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒரு குரல், "ஏதோ பழைய கணக்கு இருக்கும்" என்று மெல்லச் சொன்னதும் நம் செவியில் விழுந்தது.

குருமடத்தில் ஆண்டுக் கணக்கில் இறையியல் பயின்றவர்கள் நாம். தீமையின் மறைபொருள் குறித்துத் தேர்வு எழுதியவர்கள். ஆயினும் அந்த முற்றத்தில் நாம் சொன்னது, "எல்லாம் இறைவன் சித்தம், அம்மா" என்ற ஒரு வாக்கியமே. அந்த மெல்லிய குரலை நாம் மறுக்கவில்லை. நமது மௌனம் அதற்குச் சான்றொப்பம் இட்டதுபோல் ஆயிற்றோ என்ற உறுத்தல் நீண்ட காலம் நம்மை விட்டு அகலவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கு, மின்னலின் வரலாற்றை முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அந்த வரலாறு, எதிரெதிரே நிற்கும் இரு தட்டுகளின் வரலாறு என்பதைக் கண்டபோது நாம் வியந்தோம். அதையே இங்கு வாசகரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மணியோசையும் மேகமும்

ஐரோப்பியத் திருச்சபையின் பழைய நூற்றாண்டுகளில், புயலும் இடியும் எழும்போது கோயில் மணிகளை ஒலிப்பது வழக்கமாக இருந்தது. மின்னலை முறிக்க வல்லது தான் என்னும் பொருள்பட மணிகளின் மேலேயே இலத்தீன் வாசகம் பொறித்தனர். நற்கருத்தில் பிறந்த வழக்கமே அது. ஆனால் ஊரிலேயே உயரமான கோபுரத்தின் அடியில், மழையில் நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மின்னலுக்கு மிக அருகில் நிற்கிறான் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1784இல் மியூனிக் நகரில் வெளிவந்த நூலொன்று அந்தக் கணக்கைத் தந்தது: 33 ஆண்டுகளில் 386 கோயிற் கோபுரங்களில் இடி விழுந்திருந்தது, மணியடித்தோர் 103 பேர் மாண்டிருந்தனர். 1786இல் பாரீஸ் உயர் நீதிமன்றம் இடி நேரத்தில் மணியடிப்பதைத் தடை செய்தது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? கண்ணாடிக் குடுவை ஒன்றிலிருந்து வந்தது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் கிளைஸ்டும், ஹாலந்தின் லெய்டன் நகரில் மூஸ்சென்புருக்கும், உராய்வினால் பிறக்கும் மின்சாரத்தை நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் சேர்த்து வைக்கலாம் என்று தனித்தனியே கண்டனர். அதைத் தொட்டவரை அது தூக்கி எறிந்தது. பிரான்சில் ஆபே நொல்லே என்னும் திருத்தொண்டர் மன்னர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் துள்ளுவதைக் காட்டினார். அரசவைக்கு அது நல்ல கேளிக்கை.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை வேறு கண்ணோடு நோக்கினார். ஆற்றல் குடுவையின் நீரிலா இருக்கிறது, கண்ணாடியிலா? குடுவைக்குப் பதிலாகத் தட்டையான கண்ணாடிப் பலகையை எடுத்து, அதன் இருபுறமும் ஈயத் தகடுகளை ஒட்டினார். குடுவை செய்த அனைத்தையும் அந்தப் பலகையும் செய்தது. 11 பலகைகளை வரிசையாக இணைத்து, அதற்கு மின்கலத் தொகுதி என்று பொருள்படும் பெயரையும் இட்டார். ஆக, குடுவையின் வடிவம் முக்கியமன்று. இரு தட்டுகள் எதிரெதிரே நிற்க வேண்டும்; அவற்றின் நடுவே மின்சாரம் எளிதிற் கடக்க இயலாத ஓர் இடைவெளி இருக்க வேண்டும்; அவ்வளவே. இன்று நம் பிள்ளைகள் மேனிலைப் பள்ளியில் இணைத்தட்டு மின்தேக்கி என்று படிப்பது இதைத்தான்.

மார்லி ஊர்ப் பங்குக் குரு

மேகத்திலும் இதே மின்சாரம்தான் உள்ளதா என்று கண்டறிய ஒரு சோதனையைப் பிராங்க்ளின் எழுத்தில் வகுத்தார். அதை முதலில் செய்து பார்த்தவர்கள் பிரெஞ்சு நாட்டினர். பாரீசுக்கு அருகே மார்லி என்னும் சிற்றூரில் தலிபார் என்பவர் 40 அடி உயரமுள்ள இரும்புக் கம்பி ஒன்றை நிறுத்தி, அதன் அடி மண்ணைத் தொடாதபடி மது புட்டிகளின் மேல் அமைந்த பீடத்தில் நிலைநிறுத்தினார். அதைக் காவல் காக்கும் பொறுப்பை குவாஃபியே என்னும் முன்னாள் படைவீரரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குச் சென்றார்.

1752 மே 10. பிற்பகலில் இடி முழங்கிற்று. குவாஃபியே கம்பியருகே ஓடி, கண்ணாடிப் பிடியுள்ள பித்தளைக் கம்பியை நீட்டினார், பொறி பறந்தது. உடனே அவர் அழைத்தனுப்பியது யாரை? ஊர்ப் பங்குக் குருவான ராலே அடிகளை. குரு தம்மால் இயன்ற வேகத்தில் ஓடி வந்தார். தங்கள் குரு அவ்வாறு ஓடுவதைக் கண்ட ஊரார், குவாஃபியே இடியால் மாண்டார், இறுதி அருட்சாதனத்திற்காகவே குரு ஓடுகிறார் என்று எண்ணி, ஆலங்கட்டி மழையையும் பொருட்படுத்தாமல் பின்னே ஓடினர். வந்து பார்த்தால், குரு தாமே கம்பியைக் கையில் வாங்கிப் பொறிகளை இழுத்துக்கொண்டிருந்தார்! ஏறத்தாழ 4 நிமிடத்தில் ஆறு முறையேனும் செய்து பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லும் நேரம் பிடித்ததாகவும் அன்றே தலிபாருக்கு மடல் எழுதி, குவாஃபியே கையில் கொடுத்தனுப்பினார். கையில் சாட்டையடி பட்டதுபோல் ஒரு தழும்பு. உடலெங்கும் கந்தக நெடி. மேகத்தின் மின்சாரத்தை மனிதர் முதன்முறை தொட்டறிந்த நேரம், செப அளவையால் அளக்கப்பட்டது என்பது நமக்கு இனிய செய்தி அன்றோ?

ஆனால் அந்தத் துணிவில் ஆபத்தும் இருந்தது. மறு ஆண்டு, 1753 ஆகஸ்டில், இரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் இதே வகைச் சோதனையில் ஈடுபட்டிருந்த ரிக்மன் என்னும் அறிஞர் மின்னல் தாக்கி அங்கேயே இறந்தார். மொராவியாவின் பிரிமெதித்சே ஊர்ப் பங்குக் குருவான புரோகோப் திவிஷ் அடிகளுக்கு நேர்ந்தது வேறு. 1754 ஜூன் 15 அன்று அவர் தம் இல்லத்தருகே கூர்முனைகள் பல கொண்ட உயர்ந்த இரும்புக் கருவி ஒன்றை எழுப்பினார். மின்னலை அது அடக்கும் என நம்பினார். பின்னர் வறட்சி வந்தது. மழை பொய்த்ததற்கு இந்தக் கருவியே காரணம் என்று உழவர்கள் அதைத் தகர்த்தெறிந்தனர். பயிர் கருகக் கண்டவர்களின் கோபம் அது. அவர்களை நாம் எள்ளி நகையாடல் ஆகாது. காரணம் தெரியாத துன்பத்திற்கு ஒரு குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. பிரிமெதித்சேயில் அது கருவியாயிற்று. கெடார் பக்கத்து முற்றத்தில் அது "பழைய கணக்கு" ஆயிற்று.

மேகம் ஒரு தட்டு, மண் ஒரு தட்டு

1750களின் நடுவில் பெர்லினில் எபினஸ், வில்க்கே என்னும் இரு இளம் அறிஞர்கள் கண்ணாடியையும் விலக்கிவிட்டனர். உலோகத் தகடு போர்த்திய இரு பெரிய மரப்பலகைகளைச் சிறு இடைவெளி விட்டு இணையாகத் தொங்கவிட்டனர். நடுவே காற்று மட்டும். ஒன்றுக்கு மின்னூட்டம் அளித்து இரண்டையும் ஒருசேரத் தொட்டபோது, லெய்டன் குடுவை தந்த அதே அதிர்ச்சி கிட்டியது. நடுவில் காற்று இருந்தாலே போதுமெனில், வானில் தொங்கும் மேகம் ஒரு தட்டாகவும், அதன் கீழ் விரிந்து கிடக்கும் மண் மறு தட்டாகவும் ஏன் இருத்தல் கூடாது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. மின்னல் என்பது இவ்விரு தட்டுகளுக்கிடையே இடைவெளி உடைபடும் நிகழ்ச்சி.

இவ்விடத்தில் சற்றே நின்று, இரு தட்டுகளுக்கு நடுவே ஒரு மின்னூட்டத்திற்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். ஒரு தட்டில் நேர்மின்னூட்டம், எதிர்த் தட்டில் எதிர்மின்னூட்டம். நடுவே ஒரு சிறு நேர்மின் துகளை விட்டால், நேர்த்தட்டு அதைத் தள்ளும். எதிர்த்தட்டு அதை இழுக்கும். வியப்பு யாதெனில், ஓரங்களை விட்டு உள்ளே, அத்துகள் எந்தத் தட்டுக்கு அருகில் இருந்தாலும் அதன்மீது செயற்படும் விசை ஒரே அளவினது, ஒரே திசையினது. தட்டுகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை இடைவெளியால் வகுத்தால் மின்புலம் கிடைக்கும். 1,000 வோல்ட், 1 சென்டிமீட்டர் இடைவெளி எனில் மீட்டருக்கு 1 லட்சம் வோல்ட். அதைத் துகளின் மின்னூட்டத்தால் பெருக்கினால் விசை.

இனி, தட்டுகளை 2 சென்டிமீட்டருக்கு விலக்கி, அதே 1,000 வோல்ட்டை வைப்போம். விசை பாதியாகிவிடும். ஆனால் துகள் கடக்கும் தொலைவு இரட்டிப்பாகும். விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் வேலை முன்போலவே இருக்கும். செஞ்சிக் கோட்டையின் இராசகிரிக்கு ஏறுவோர் செங்குத்தான படியில் ஏறினாலும், சுற்றிச் சரிவில் ஏறினாலும், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை மலையின் உயரத்தைப் பொறுத்தது, வழியைப் பொறுத்ததன்று. அடிவாரத்தைச் சமதளத்தில் சுற்றி வருவோருக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. தட்டுகளுக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரும் துகள்மீது மின்விசை செய்யும் வேலையும் அவ்வாறே சுழியம். ஆகவே ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குச் செல்லும் துகள்மீது செய்யப்படும் வேலை, அதன் மின்னூட்டத்தையும் மின்னழுத்த வேறுபாட்டையும் பெருக்கி வரும் எண்ணே. அந்தப் பெருக்கலில் இரண்டே எண்கள்தாம் உள்ளன. இதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த எளிய அமைப்பைக் கொண்டே 1909 முதல் 1913 வரை சிக்காகோவில் இராபர்ட் மில்லிக்கன் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். 16 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு தட்டுகளுக்கு நடுவே நுண்ணிய எண்ணெய்த் துளிகளைத் தூவி, பல ஆயிரம் வோல்ட் செலுத்தினார். துளியின் எடை கீழே இழுக்க, மின்விசை மேலே தூக்க, இரண்டும் சமமாகும்போது துளி அந்தரத்தில் நின்றது. எத்தனை துளிகளை அளந்தாலும், மின்னூட்டம் ஒரே சிற்றளவின் முழு மடங்காகவே வந்தது. அச்சிற்றளவே எலக்ட்ரானின் மின்னூட்டம். ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் சேர்ந்தால்தான் ஒரு கூலோம் ஆகும்.

சிம்லாவிலிருந்து உதகைக்கு

தட்டுகளின் விதியை அறிந்தாயிற்று. மேகத்தின் எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர்? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்ப்சன் சிம்லாவில் மழைத்துளிகளின் மின்னூட்டத்தை அளந்து, மேகத்தின் அடிப்பகுதியே நேர்மின் உடையது என 1909இல் கருத்துரைத்தார். இங்கிலாந்தில் சி. டி. ஆர். வில்சன், மேற்பகுதியே நேர் என்றார். நெடுங்காலம் வழக்கு நீடித்தது. 1930களில் சிம்ப்சனே பலூன்களில் கருவிகளை மேகத்துக்குள் அனுப்பிப் பார்த்தார். மேலே நேர், அதன்கீழே எதிர், அடியிலே சிறிதளவு நேர் எனத் தெரிந்தது. இருவரும் ஒரு பகுதியைச் சரியாகக் கண்டிருந்தனர். தம் கருத்துக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச் சென்று வெளியிட்ட சிம்ப்சனின் நேர்மை, வாதங்களில் ஈடுபடும் நம் அனைவருக்கும் பாடம்.

மேகத்தின் மின்னழுத்தம் எவ்வளவு? அது 100 கோடி வோல்ட்டை எட்டக்கூடும் என வில்சன் 1920களில் கணித்துரைத்தார். மெய்ப்பிக்க வழியில்லை. பலூன் ஒரு நேரத்தில் ஓர் இடத்தையே அளக்கும். மேகமோ பல கிலோமீட்டர் பரந்தது. பலூன்கள் வழியே கண்ட மிகப் பெரிய அளவு 13 கோடி வோல்ட்டாகவே இருந்தது.

விடை நம் தமிழகத்தின் நீலகிரியிலிருந்து வந்தது. அதற்கான துகள்கள் விண்ணிலிருந்து வந்தன. 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரியக் கத்தோலிக்க அறிஞர் பலூனில் 5,300 மீட்டர் உயரம் ஏறி, விண்ணிலிருந்து ஊடுருவும் கதிர்கள் புவியை நோக்கிப் பொழிவதைக் கண்டார். அண்டக் கதிர்கள் எனப்படும் அவை நம் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்கள் என்னும் துகள்கள் பிறக்கின்றன. எலக்ட்ரானைப் போலவே மின்னூட்டம் உடையவை, ஆனால் 207 மடங்கு எடை மிக்கவை. விரித்த உள்ளங்கை ஒன்றின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒன்று, நாம் அறியாமலே கடந்து செல்கிறது.

உதகமண்டலத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே ஜப்பானிய அறிஞர்களின் ஒத்துழைப்போடு அமைந்த 'கிரேப்ஸ்-3' என்னும் திட்டத்தில் மியூவான்களை எண்ணும் கருவியொன்று 560 சதுர மீட்டர் பரப்பில் இயங்குகிறது. 6 மீட்டர் நீளமுள்ள, வாயு நிரப்பிய எஃகுக் குழாய்கள் 3,712. அவற்றின்மேல் 2 மீட்டர் கனமுள்ள கான்கிரீட். 100 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் உடைய மியூவான்களே அதைத் துளைத்துக் குழாய்களை எட்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள் எண்ணப்படுகின்றன.

இடிமேகம் உதகைக்கு மேலே வரும்போது என்ன நேரும்? மேகத்தின் மேலடுக்கு ஒரு தட்டு. கீழடுக்கு மறு தட்டு. மியூவான்கள் அவற்றின் நடுவே பாய்ந்து வருகின்றன. நேர்மின் மியூவான், எதிர்மின் மியூவான் என இருவகை உண்டு. மேகத்தின் மின்புலம் ஒருவகையை முடுக்கும், மறுவகையைத் தடுக்கும். ஒவ்வொரு துகளும் பெறும் அல்லது இழக்கும் ஆற்றல், மேலே கண்ட அதே பெருக்கல்: மின்னூட்டம், மின்னழுத்த வேறுபாடு. இருவகையும் சம எண்ணிக்கையில் இருந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடக்கூடும். ஆனால் நேர்மின் மியூவான்களே சற்று மிகுதி. எனவே மேகத்தின் மின்னழுத்தம் எண்ணிக்கையில் ஒரு சிறு மாற்றமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை 184 இடிப்புயல்களை உதகைக் கருவி பதிவு செய்தது. அவற்றுள் 2014 டிசம்பர் 1 அன்று வந்தது தனிச்சிறப்புடையது. 18 நிமிட நேரம் மியூவான்களின் எண்ணிக்கை குறைந்தது. குறைவு 2 விழுக்காட்டளவே. ஆனால் அதிலிருந்து கணக்கிட்டபோது அம்மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று தெரியவந்தது! ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவில் அமைந்த நான்கு மின்புல அளவிகளின் துணையோடு, மேகம் 11.4 கிலோமீட்டர் உயரத்தில், குறைந்தது 380 சதுர கிலோமீட்டர் பரப்பில், மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது என மதிப்பிட்டனர். மேகத்தை ஓர் இணைத்தட்டு மின்தேக்கியாகக் கொண்டு கணக்கிட்டனர். 6 நிமிடத்தில் அது அவ்வளவு மின்னூட்டம் பெற்றது என்றால், அதன் திறன் குறைந்தது 200 கோடி வாட். கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு அணு உலைகளின் நிறுவு திறன் சேர்ந்து அவ்வளவு. அந்த 6 நிமிடச் சேமிப்பை நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் 2 லட்சம் யூனிட். 2019 மார்ச்சில் இம்முடிவு உலக அறிவியல் ஏட்டில் வெளியானது. வில்சன் கணித்துச் சென்ற 90 ஆண்டுகளுக்குப் பின், அவர் கூற்று மெய் என்பதற்கான நேரடிச் சான்று தமிழ் மண்ணின் மலையொன்றில் கிட்டியது.

நடுவில் நிற்பவர் யார்?

இப்பொழுது அந்த முற்றத்திற்குத் திரும்புவோம். மேகத்திற்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு மின்னூட்டத்தின்மீது செய்யப்படும் வேலையைக் கணக்கிட இரண்டே எண்கள் வேண்டும் என்று கண்டோம். ராலே அடிகள் கம்பியைத் தொட்டபோதும், 103 மணியடிப்போர் மாண்டபோதும், உதகை மேகத்தில் கோடானுகோடி மியூவான்கள் பாய்ந்தபோதும் அந்தப் பெருக்கல் ஒன்றேதான். அதில் பாவம் என்றொரு எண்ணுக்கு இடமில்லை. பாட்டனின் கடன், சாதி, சாபம், நேர்த்திக்கடன் தவறியது என எதற்கும் அங்கே இடமில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவர் வெளிப்படையாக மறுத்துரைத்ததை லூக்கா நற்செய்தியில் நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! வாசித்தும், வேண்டிய வேளையில் சொல்லாமல் நின்றோம்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னல் எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை என்றாலும், மாள்பவர்களுள் மிகப் பலர் ஒரே வகையினராக இருக்கின்றனர்: வயலில் குனிந்திருப்போர், ஆடு மாடு மேய்ப்போர், ஒதுங்கக் கட்டடம் இல்லாது மரத்தை நாடுவோர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 2,887 பேர் மின்னலால் இறந்தனர். இரு தட்டுகளுக்கு நடுவே, திறந்த வெளியில், யார் நிற்கிறார் என்பது இயற்பியல் வகுத்ததன்று. அது நம் கூலியும் நம் ஊரமைப்பும் வகுத்தது. வானம் கருத்தபின்னும் "இந்தப் பாத்தியை முடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் நிலவுடைமையாளரும் அதில் ஒரு பங்கு வகுக்கிறார்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை உண்டு. இடியோசை கேட்டவுடன் வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்; ஓசை அடங்கி அரைமணி நேரம் கழிந்தே வெளிவர வேண்டும். தனி மரத்தடியில், அது புளியாயினும் பனையாயினும், ஒருபோதும் ஒதுங்கலாகாது. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. தயங்காமல் தொட்டு, மூச்சும் நாடியும் நின்றிருந்தால் மார்பை அழுத்தி முதலுதவி செய்தால் உயிர் மீளலாம். அருகே செல்ல அஞ்சி நிற்பதால் போகும் உயிர்கள் உண்டு. புணே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலி முன்னெச்சரிக்கை தருகிறது; ஊருக்கு ஓர் இளைஞர் அதைக் கவனித்தால் போதும். நம் கோயிற் கோபுரங்களில் இடிதாங்கி உள்ளதா, அதன் செப்புப் பட்டை அறுபடாமல் மண்ணுள் இறங்குகிறதா என்று பங்குப் பேரவைகள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இடி நேரத்தில் கோயிற் கதவுகள் எல்லா மதத்தாருக்கும் திறந்திருக்கட்டும். மெழுகுவர்த்தியும் ஏற்றுவோம், ஆனால் அதை வீட்டுக்குள் இருந்து ஏற்றுவோம்.

இவற்றையெல்லாம் ஓரளவு கற்றுத் தெளிந்த பின், அந்த ஊருக்கு மீண்டும் ஒருமுறை சென்றோம். பிள்ளைகள் வளர்ந்திருந்தனர். மாமியார் அதே திண்ணையில் அமர்ந்திருந்தார். மேகத்தையும் மண்ணையும் இரு தட்டுகளாகக் காட்ட, அவர் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் இரண்டையே வாங்கி எதிரெதிரே பிடித்து, நமக்குத் தெரிந்த வகையில் விளக்கினோம். "உங்கள் மருமகளுக்கு நேர்ந்தது எவருடைய பாவத்திற்கும் கூலி அன்று, அம்மா, உங்கள் வீட்டில் எந்தப் பழைய கணக்கும் இல்லை" என்றோம். அவர் தட்டுகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சாமி?"

அதற்கு நம்மிடம் விடை இல்லை. இந்தப் பக்கங்களை வாசிக்கும் எவரும், இனி ஒரு முற்றத்தில் அப்படி ஒரு மெல்லிய குரலைக் கேட்டால், அன்றே, அங்கேயே அதை மறுத்துச் சொல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.